எது மூச்சு விடுதுன்னு முதல்ல கேளுங்க

எவனாவது வேனைக் கொண்டாந்து நிறுத்தி, "இதுல எவ்வளவு பெரிய பேட்டரி வைக்கலாம் தீதி?"ன்னு கேட்டா உடனே பதில் சொல்லிராதீங்க. ஸ்பேனரையும் தொடாதீங்க. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு, "அதுல எது மூச்சு விடப் போகுது?"ன்னு கேளுங்க. சிரிப்பான். சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் ஏதாவது சொல்லுவான்ல, அதுலதான் உங்க வேலை இருக்கு.

வண்டிக்கு வயரிங் பண்ற உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். போர்ட் பிளேர்ல ஒரு சர்க்காரி மோட்டார் ஒர்க்‌ஷாப்ல பேட்டரிக்கு சார்ஜ் போடுற ரூம்ல வேலை பாத்தவ நான். சேர்ந்ததும் அந்த ரூம்தான், ரிட்டயர் ஆனதும் அந்த ரூம்ல இருந்துதான். பெங்காலிக்காரங்க, தெலுங்குக்காரங்க, எல்லாரும் தீதி, அதாவது அக்கான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு 'பேட்டரி தீதி'ன்னே நிலைச்சுப் போச்சு. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து கப்பலேறி வந்தவுக. அவுக வச்ச பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா இப்ப நானே திரும்பிப் பாக்க மாட்டேன்.

அந்த ரூமைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்குக் கொஞ்சம் கிறங்கிரும், பொறுத்துக்கோங்க. வெளிய மழை கொட்டும். உள்ள வரிசையா மூடி திறந்து வச்ச பேட்டரி. சார்ஜ் ஏற ஏற ஒவ்வொண்ணுலயும் குமிழ் கிளம்பும், சின்னச் சின்னதா உடையும். மழைச் சத்தத்துக்குக் கீழ அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மத்தியான நேரத்துல நான் எங்க இருக்கேன், கரையிலயா தண்ணிக்கடியிலயான்னே தெரியாது. பழைய ஃபோர்மேன் ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டே வரிசையில நடந்து போவார். எது நிறைஞ்சிருச்சு, எது ஏறவே இல்லன்னு காதாலயே சொல்லிருவார். எனக்கும் அந்தக் காது ஒட்டிக்கிச்சு. புடவையெல்லாம் ஆசிட் பட்டுப் பொத்தல் பொத்தலாப் போனது தனிக் கதை.

இப்ப வர்ற லித்தியம் பேட்டரி இருக்கே, அது பேசாது. குமிழ் கிடையாது, வாடை கிடையாது. புது மாப்பிள்ளை மாதிரி உம்முன்னு உக்காந்திருக்கும். அது வச்ச ஒரு வண்டியோட நான் வடக்க ரங்கத் வரைக்கும் போய் வந்ததைத்தான் சொல்ல வர்றேன்.

காசிம்னு ஒரு தம்பி. மரைன் ஹில்ல வாடகை வீடு, பஜார்ல அவங்க வாப்பா காலத்துப் பாத்திரக் கடை. தங்கமான மனசு, ஆனா யார் எதைக் கேட்டாலும் 'முடியாது'ன்னு சொல்லவே தெரியாது. ஒரு பழைய டெம்போ வேனை வாங்கி, உள்ள கட்டில், அடுப்பு, அலமாரின்னு எல்லாத்தையும் வச்சு வீடாவே ஆக்கி என் வாசல்ல கொண்டாந்து நிறுத்தினான். நான் ரிட்டயர் ஆயிட்டேன், போப்பான்னேன். கேக்கல.

"தீதி, டிவி ஓடணும், ஃபேன் ஓடணும், மிக்ஸி ஓடணும். மேல சோலார் போட்டாச்சு, பெரிய லித்தியம் பேட்டரியும் வாங்கியாச்சு. சார்ஜ் ஏறுற ஏற்பாட்டை மட்டும் நீங்க ஒரு தடவை பாத்து மாத்திக் கொடுங்க."

"அது கெடக்கட்டும். இதுல எது மூச்சு விடப் போகுது?"

அவன் சிரிச்சான். வண்டிக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு.

"மீனு, தீதி."

அது மெஹர், அவன் பொண்டாட்டி. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து கல்யாணம் முடிச்சு வந்த பொண்ணு. வந்த புதுசுல ஹிந்தி தெரியாது, அக்கம்பக்கத்துல பேச ஆளு கிடையாது. எங்கயோ பயிற்சி கொடுக்குறாங்கன்னு போய் கோமாளி மீன் வளர்க்கக் கத்துக்கிட்டா. ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அதேதான். கடல்ல இருந்து பிடிக்காம, தொட்டிக்குள்ளயே ஜோடி சேத்து, முட்டை போட வச்சு, குஞ்சு எடுக்குறது. வீட்டுல வரிசையா தொட்டி வச்சிருந்தா. ஒரு நாள் அவ மார்க்கெட் போயிருந்த நேரம் கரெண்ட் போச்சு. தண்ணிக்குக் காத்துக் கொடுக்குற பம்ப் நின்னுருச்சு. திரும்பி வந்து பாத்தா எல்லாம் மிதக்குது. ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அந்த ஜோடி போட்ட முட்டையில பொரிச்ச பொடிசுங்க இப்ப ஒரு கூட்டமா வளந்து நிக்குது.

"இந்தத் தீவுல எனக்குன்னு இருக்குறது இதுகதான் தீதி. இன்னொரு தடவை அப்படிப் பாக்க என்னால முடியாது. இதுகளும் போச்சுன்னா அடுத்த கப்பல்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். மச்சானுக்கும் தெரியும்."

மச்சான்னு சொன்னது காசிமைத்தான். கோவமாச் சொல்லல. ரொம்பச் சாதாரணமாச் சொன்னா. காசிம் வண்டி டயரையே பாத்துக்கிட்டு நின்னான். அந்த முகத்தைப் பாத்தப்புறம் மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

விஷயம் இதுதான். மரைன் ஹில் வீட்டை வீட்டுக்காரர் இடிச்சுக் கட்டப் போறார். ரங்கத் பக்கத்துல காசிமோட அண்ணனுக்குக் கடலோரமா நிலம் இருக்கு, தண்ணி சுத்தம். அங்க மீனுக்கு ஒரு கொட்டகை போடுறாங்க. கொட்டகை முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் மீனும் இந்த வேன்லதான் குடித்தனம். பம்ப் ராவும் பகலும் ஓடியாகணும்.

முன்பக்கத்தைத் திறந்து பாத்தேன்.  எவனோ ஒரு புண்ணியவான் டைனமோவுல இருந்து புது பேட்டரிக்கு நேரா ஒரு தடி கேபிளை இழுத்து விட்டிருந்தான். டைனமோன்னா இஞ்சினோட சேர்ந்து சுத்தி கரெண்ட் எடுக்குறது, வண்டியோட சொந்த பேட்டரியை நிரப்பத்தான் அதைப் படைச்சிருக்கு. பழைய ஈய பேட்டரி பந்தியில உக்காந்த பெரியவர் மாதிரி, வயிறு நிறைய நிறைய 'போதும், போதும்'னு இலையை மறைப்பார். லித்தியம் மறைக்காது. ஊத்த ஊத்த வாங்கிக்கிட்டே இருக்கும். கடைசியில பரிமாறுறவன்தான் மயங்கி விழணும். இங்க பரிமாறுறது டைனமோ.

அதுலயும் நம்ம ஊருக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு. காட்டு ரோட்டுக்கு ஜிர்காடாங் கேட்ல போலீஸ் கான்வாய்க்குக் காத்துக் கிடக்குறப்ப, ஃபெர்ரிக்கு வரிசையில நிக்குறப்ப, இஞ்சினை அணைக்க மாட்டோம். 'சும்மாதான நிக்குறோம், சார்ஜாவது ஏறட்டும்'பாங்க. நிக்குற வண்டியில இஞ்சின் மெதுவாச் சுத்தும், காத்து வராது, டைனமோ அப்படியே வெந்துரும். மெயின்லேண்ட்ல ரோட்ல பறக்குறவனுக்கு இந்தத் தொல்லை கம்மி. நிக்குறதே பாதிப் பொழப்பா இருக்குற நமக்கு இது எமன்.

நடுவுல ஒரு சார்ஜர் வேணும். அளந்து அளந்து பரிமாறுற ஆளு அது; மேல போட்ட சோலாரையும் அது வழியாத்தான் பேட்டரிக்கு விடணும். சென்னையில சொல்லி விட்டோம். கடல் சரியில்ல, கப்பல் எப்பன்னு கேட்டா 'வரும்'னுதான் சொல்றாங்க. வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டேன்னுட்டார்.

நான் அந்தத் தடிக் கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டிச் சுருட்டி என் பையில போட்டேன். காசிம் முகம் சுண்டிப் போச்சு. "என்ன தீதி, ஏத்தச் சொன்னா பிடுங்குறீங்க?" "பிடுங்குறதும் வேலைதான் தம்பி"ன்னேன். வீட்டுக் கரெண்ட்ல பேட்டரியை முழுசா நிரப்பினேன். "ரங்கத் போற வரைக்கும் இதுல பம்பைத் தவிர ஒண்ணும் ஓடக் கூடாது. மிக்ஸி, டிவி எதுவும் கூடாது. பம்ப் மட்டும்னா ரெண்டு தடவை ரங்கத் போய் வரலாம்"னு சொல்லிட்டு, "நானும் வர்றேன், என் தங்கச்சியைப் பாத்து நாளாச்சு"ன்னேன். தங்கச்சி ஒரு சாக்கு. அந்த மீனை விட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்க என்னால முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

விடியக்காலம் கிளம்பினோம். ஜிர்காடாங்ல வண்டி வரிசை, பனி, டீக்கடைப் புகை. கேட் திறந்து கான்வாய் காட்டுக்குள்ள நுழைஞ்சுச்சு. அது ஆதிவாசிங்க இருக்குற ரிசர்வ் காடு. முன்னால போலீஸ், பின்னால போலீஸ், நடுவுல நாம. நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. நான் பின்னால தொட்டி பக்கத்துல தரையில உக்காந்திருந்தேன், எதிர்த்தாப்புல மெஹர். அரைத்தண்ணி நிரப்பி, பெல்ட் போட்டுக் கட்டின கண்ணாடித் தொட்டி. நடுவுல ஒரு வலை. ஒரு பக்கம் பெரிய ஜோடி, அதுக்கு ஒரு சின்ன மண்சட்டி. மறுபக்கம் பொடிசுங்க.

என்னத்தைச் சொல்ல, போங்க. மரம் ரெண்டு பக்கமும் மூடி, வெளிச்சம் பச்சையா இறங்குது. அந்தப் பச்சை தண்ணிக்குள்ள விழுந்து, வண்டி திரும்புறப்பல்லாம் தண்ணி சாயுது, பச்சையும் சாயுது, அதுக்குள்ள ஆரஞ்சு ஆரஞ்சா இதுங்க நீந்துது. காட்டுக்குள்ள ஒரு துண்டு கடல் போய்க்கிட்டிருக்கு, அதுக்குக் காவலா நாங்க ரெண்டு பேர் போறோம். பம்ப் சத்தம், குமிழ் உடையுற சத்தம். எனக்கு என் பழைய ரூமுக்குள்ள இருக்குற மாதிரியே இருந்துச்சு. மெஹர் தூங்கிட்டாளோன்னு பாத்தேன். இல்ல, அவளும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தா.  

திடீர்னு அமைதி.

குமிழ் நின்னுருச்சு. ஆனா என் காதுக்கு வேற ஒண்ணும் தட்டுப்பட்டுச்சு. நின்னது ஒரு சத்தம் இல்ல, ரெண்டு. பம்புக்குக் கீழ இன்னொரு உறுமலும் சேர்ந்து நின்னிருக்கு. திரும்பிப் பாத்தேன். கட்டில் ஓரத்துல பெட்ஷீட் போத்தி ஒரு பெட்டி. துணி மூட்டைன்னுதான் நினைச்சிருந்தேன். பெட்ஷீட்டை இழுத்தா, டீப் ஃப்ரீஸர்!

"ஏல காசிம்! இது என்னல?"

"அது... பக்கத்து வீட்டு ராவ் அண்ணன் கொடுத்தாங்க தீதி. ரங்கத்ல அவங்க மச்சினி வீட்டு நிச்சயதார்த்தம். ஃப்ரீஸரோட ஐஸ்கிரீம். ராத்திரி வீட்டுக்காரர் கரெண்டைக் கட் பண்ணிட்டாரா, உருகிரக் கூடாதேன்னு நம்ம பேட்டரியில... காலையில மீட்டரைப் பாத்தேன் தீதி, நல்லாத்தான் காட்டுச்சு!"

நம்ம ஊர்ல ஒருத்தன் வடக்க போறான்னு தெரிஞ்சாப் போதும், 'பாயி, இதையும் கொண்டு போயிரு'ன்னு ஊரே மூட்டையைத் தூக்கிட்டு வந்துரும். வேண்டாம்னு சொல்றவன் மனுசனே இல்ல. எல்லாருக்கும் அது தேவைதான், நாளைக்கு நம்ம மூட்டையும் எவன் வண்டியிலயோ போகணும்ல. அதுனால அவனை ரொம்பத் திட்டவும் முடியல. மீட்டர் விஷயத்தை மட்டும் நீங்க மனசுல வச்சுக்கோங்க. ஈய பேட்டரி காலியாகுறப்ப லைட் மங்கும், முனகும், நாலு பேருக்குத் தெரியும். லித்தியம் கடைசி வரைக்கும் வோல்டேஜை நல்லாவே காட்டிக்கிட்டு, பொசுக்குன்னு கதவைச் சாத்திரும்.

மெஹர் அவனைப் பாக்காம தொட்டிப் பக்கம் திரும்பிட்டா. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. பொடிசுங்க ஒவ்வொண்ணா மேல வந்து வாயைப் பிளக்க ஆரம்பிச்சுச்சு.

"நிறுத்தவா தீதி?"ன்னான் காசிம்.

"நிறுத்துனா பின்னால போலீஸ் வண்டி உன்னைத் தூக்கிரும். ஓட்டு. குலுங்காம ஓட்டு."

மூலையில ஒரு பிளாஸ்டிக் மக் கிடந்துச்சு. எடுத்தேன், தொட்டித் தண்ணியை மொண்டேன், ஒரு முழ உயரத்துல இருந்து திரும்ப அதுலயே ஊத்தினேன். தண்ணி விழுறப்ப காத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். பம்ப் செய்யுறதும் அதைத்தான். மொண்டேன், ஊத்தினேன். கை வலிச்சதும் மெஹர் வாங்கிக்கிட்டா. வண்டி திரும்புறப்ப பாதி தண்ணி எங்க மேலதான். ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சோம். நடுவுல அவ எந்திரிச்சு ஃப்ரீஸரைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக் கண்ணாடியில அணைச்சு வச்சா. தண்ணி சூடானா அதுல காத்து நிக்காதாம். குத்தம் பண்ணின ஐஸ்கிரீமே கும்பிடு போட்டு நின்னுச்சு.

மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டி வந்துச்சு. அந்தக் கரை பாராடாங், நடுவுல ஃபெர்ரி. தண்ணி வத்திக் கிடந்ததால ஃபெர்ரி வந்து அணையல. வண்டியெல்லாம் வரிசையா நின்னுருச்சு. நிறுத்தின வேகத்துல காசிம் பின்னால ஓடி வந்து என் பையை இழுத்தான்.

"கேபிளைக் கொடுங்க தீதி. இஞ்சின் ஓடட்டும், டைனமோவுல இருந்து நேரா கொடுத்துரலாம். கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள வெந்துருமா?"

கண்ணெல்லாம் கலங்கி நிக்குறான். மெஹரும் என்னைப் பாக்குறா.  கொடுத்துரலாம்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிச்சு. சத்தியமாத் தோணிச்சு. காலியாக் கிடக்குற லித்தியம், நிக்குற வண்டி, டைனமோவுக்கு இதைவிடக் கெட்ட நேரம் வேற வராது. அது வெந்தா வண்டி இந்தக் கரையிலயே படுத்துரும். முன்னால தண்ணி, பின்னால காடு, மேல வெயில். மூச்சுக்கு வழி பாக்கப் போய் மூக்கை அறுத்த கதை ஆயிரும்.

இங்கதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கு. அவசரத்துல எல்லாரும் காலியா இருக்குற பேட்டரியைத்தான் பாப்பாங்க, அதை எப்படி நிரப்புறதுன்னுதான் புத்தி ஓடும். நான் என்னையே கேட்டுக்கிட்டேன், இப்ப மூச்சு விடுறது பேட்டரியா, மீனா? பேட்டரி காலியாவே கிடந்துட்டுப் போகட்டும். பம்ப் எவ்வளவு குடிக்கும்? ஒரு சின்ன பல்ப் அளவு. இஞ்சின் ஓடுனா அதுக்கு வண்டியோட சொந்த பேட்டரி தாராளம், இந்தச் சின்னக் குடிக்கு டைனமோவும் வேகாது. பம்புக்குக் கரெண்ட் மாத்திக் கொடுக்குற இன்வெர்ட்டரோட ரெண்டு வயரையும் லித்தியத்துல இருந்து கழட்டி நேரா அதுல மாட்டினேன், பம்பை மட்டும் சொருகினேன். குமிழ் கிளம்பிச்சு. மெஹர் அப்படியே தொட்டி மேல நெத்தியை வச்சுக்கிட்டா.

அதோட முடியல. ஃபெர்ரி அணைஞ்சதும் வண்டியை ஏத்தினோம். ஏத்தின உடனே ஃபெர்ரிக்காரர், "இஞ்சின் பந்த் கரோ!"ன்னு கத்தினார். ஃபெர்ரியில இஞ்சின் ஓடக் கூடாது, அது சட்டம். அந்த சொந்த பேட்டரியோ பல்லுப் போன கிழம். இஞ்சின் ஓடாம பம்பை இழுத்துட்டு, அந்தக் கரையில வண்டி கிளம்பலன்னா பின்னால இருக்குற அத்தனை வண்டியும் மாட்டிக்கும். பம்பைப் பிடுங்கினேன். திரும்பவும் மக்.

இந்தத் தடவை கதவு திறந்திருந்துச்சு. பஸ்ல இருந்து இறங்கின ஒரு பெங்காலி அம்மா எட்டிப் பாத்து, "க்யா ஹுவா தீதி?"ன்னு கேட்டா. மீனுக்கு மூச்சு இல்லன்னேன். அவ்வளவுதான். அந்தம்மா புடவையைச் சொருகிக்கிட்டு உள்ள ஏறி மக்கை வாங்கிட்டா. அடுத்து ஒரு தெலுங்குக்கார மீன்பிடிக்கிறவர், டீக் கப்போட ஒரு காலேஜ் பொண்ணு, தொப்பியைக் கழட்டி வச்சுட்டு பஸ் கண்டக்டர். "ஊபர் சே டாலோ, மேல இருந்து ஊத்து"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு ஊத்துறாங்க. ரெண்டு பக்கமும் சதுப்புக்காடு மெதுவா நகருது. தண்ணி கண்ணாடியாக் கிடக்கு. ஃபெர்ரி போகுதா, கரைதான் போகுதான்னு தெரியல. மொண்டு ஊத்துற சத்தம் மட்டும் விடாமக் கேக்குது. என் வாழ்க்கையில நான் கேட்ட நல்ல சத்தம் அது.

காசிம் நின்ன இடத்துலயே நின்னான். அப்புறம் ஃப்ரீஸரைத் திறந்து ஐஸ்கிரீமை எடுத்து ஊத்தின அத்தனை பேருக்கும் கொடுத்தான். "நிச்சயதார்த்தத்துக்கு நான் போய் கால்ல விழுந்துக்கிறேன்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. மெஹர் சிரிக்கல.

அந்தக் கரையில வண்டி ஒரே சாவியில கிளம்பிச்சு. மறுபடியும் பம்ப். ரங்கத் போய்ச் சேர்றப்ப பொடிசுல சிலது செத்து மிதந்துச்சு. மெஹர் அதுகளை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கடலைப் பாத்துக்கிட்டு நின்னா. பெரிய ஜோடி உசுரோட இருந்துச்சு, ஆனா சட்டிக்குள்ளயே ஒடுங்கிக் கிடந்துச்சு. அண்ணன் வீட்டுக்குப் போற கப்பலைப் பத்தி அவளும் பேசல, நாங்களும் கேக்கல.

சார்ஜர் வந்து சேர ரொம்ப நாள் ஆச்சு, அதுவரைக்கும் பம்ப் காசிமோட அண்ணன் இழுத்துக் கொடுத்த கரெண்ட்லதான் ஓடிச்சு. வந்ததும் எடுத்துக்கிட்டு ரங்கத் போனேன். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல அதை வச்சேன், சோலாரையும் அதோட சேத்தேன், டைனமோவுல இருந்து இஞ்சின் ஓடுறப்ப மட்டும், அதுவும் அளவா ஏறுற மாதிரி கட்டினேன். பேட்டரியில எவ்வளவு மிச்சம்னு கணக்குப் பாத்துச் சொல்லுற சரியான மீட்டரும் ஒண்ணு. காசிம் பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். பயல் இளைச்சிருந்தான்.

வேலை முடிஞ்சதும் மெஹர் வேனுக்குள்ள கூப்பிட்டா. "தீதி, சத்தம் போடாம வாங்க."

மண்சட்டியோட உள்பக்கம் ஆரஞ்சுப் பொட்டா முட்டை ஒட்டியிருந்துச்சு. ஜோடியில சின்னது இருக்கே, அதுதான் ஆம்பளை. அது முட்டைக்கு முன்னால நின்னு செட்டையை விசிறிக்கிட்டே இருந்துச்சு. நகரல, நிறுத்தல. முட்டைக்கு மூச்சு வேணுமாம், அப்பன்காரன் ராவும் பகலும் விசிறணுமாம். பாத்துக்கிட்டே இருந்தேன். ஃபெர்ரியில மக்கைத் தூக்கின அத்தனை கையும் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

"தீதி, இன்னொரு வேலை இருக்கு. கொட்டகையில புதுசா ஒரு தொட்டி வைக்கப் போறேன். அதுக்கும் இப்பவே ஒரு லைன் இழுத்து வச்சுருங்க."

வாசல்ல நின்ன காசிம் அதைக் கேட்டான். அந்தப் பக்கம் திரும்பி, எதையோ தேடுற மாதிரி டூல் பெட்டியைக் கிளறினான். உள்ள தேட ஒண்ணுமே இல்ல.

அவ ஒண்ணுதான் கேட்டா. நான் ரெண்டு லைன் இழுத்து வச்சுட்டு வந்தேன்.